உட்காரும் இடத்தில் ஒரு கட்டி

ஆடி 2, வெள்ளி

காலை ஐந்தரை. புழுக்கம், கடல் காற்று துளியும் இல்லை. கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் அம்மன் கோயில். போக ஆறு கி.மீ., வர ஆறு. சர்க்கரை ஏறியிருக்கிறது, சைக்கிள் மிதியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மகள் கல்யாணமாகி விட்டுப்போன சைக்கிளைத் துடைத்து எடுத்து ஒரு மாதப் பழக்கம். ஆடி முழுக்க சைக்கிளிலேயே வந்து கும்பிடுகிறேன் என்று ஆத்தாவிடம் வேண்டுதலும் வைத்தாயிற்று. இன்று இரண்டாம் நாள்.

உட்காரும் இடம் எரிச்சல். பவுடர் போட்டது தப்பு. வியர்வையில் மாவாகி இன்னும் உரசியது. இரவு தேங்காய் எண்ணெய்.

வரும்போது கண்டெய்னர் லாரி வரிசை. பின்னால் மீன்பாடி வண்டியின் செயின் சத்தம். கால் மிதிப்பதை மறந்துவிட்டது. திரும்பினால் நிஜ வண்டிதான், மூன்று சக்கரம், ஐஸ் பெட்டி. ஓட்டுகிறவன் வேறு ஆள். வேறு ஆளாகத்தானே இருப்பான். பாபு அண்ணன் போய் முப்பது வருஷம்.

ஆடி 5, திங்கள்

வெயில். து.பருப்பு தீர்ந்தது. கேஸ் புக் செய்ய.

சைக்கிள் கடை பாயிடம் போனேன். எங்கே வலி என்று சொல்ல வாய் வரவில்லை, சீட் சரியில்லை என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். நல்ல மனுஷன்.

"சீட்டு மூக்கு மேல தூக்கிகினு கீதும்மா. அதான் குத்துது."

மட்டம் செய்தார், இரண்டு விரல் உயர்த்தினார். ஸ்பாஞ்சு உறை கேட்டதற்குச் சிரித்தார். மெத்தை அமுங்கி அமுங்கி இன்னும் தேய்க்குமாம். வாங்கவில்லை.

மறக்காமல் இருக்க:
– தையல் தடித்த உள்ளாடை வேண்டாம்.
– பள்ளம் வந்தால் எழுந்து நின்று மிதிக்க. (எண்ணூர் ரோட்டில் அப்படிப் பார்த்தால் உட்காரவே வழியில்லை.)
– வந்ததும் ஈரத்துணி மாற்ற. இதில்தான் பிசகு. விளக்கேற்றி, இவருக்கு டிபன் கட்டி, அப்புறம்தான் மாற்றுகிறேன். ஒன்றரை மணி நேரம் வியர்வையோடே.

ஆடி 8, வியாழன்

மேகமூட்டம். கட்டி. நேற்று கடலை அளவு, இன்று நெல்லிக்காய். இடது பக்கம். கோயிலுக்கு நின்றபடியே மிதித்துப் போனேன்.

தெருவில் கூழ் ஊற்றினார்கள். எல்லாரும் உட்கார்ந்து குடிக்க, நான் மட்டும் நின்று. எதிர்வீட்டு மல்லிகா அக்கா விடவில்லை.

"இன்னாடி, நின்னுகினே கீற?"

கட்டி என்றேன். எங்கே என்றாள். தொடையில் என்று பொய்.

"ஆடி மாசத்துல வந்தா அது ஆத்தாடி. ஊசி கீசின்னு ஓடாத. வந்தவளே எறங்குவா."

தெருப் பையனை மரத்தில் ஏறச்சொல்லி வேப்பிலை ஒடித்து வீட்டுக்கே கொண்டுவந்து தந்தாள். பாசமாகத்தான்.

உள்ளதை எழுத வேண்டும். கேட்டதும் நிம்மதி. டாக்டரிடம் அந்த இடத்தைக் காட்ட வேண்டாம். வேண்டுதலும் முறியாது.

அம்மை வீட்டில் தாளிக்கக்கூடாது, சாம்பாரைத் தாளிக்காமல் இறக்கினேன். துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவர் தட்டைப் பார்த்தார். "இன்னா, வூட்ல அம்மையா?" எனக்குத்தான், தொடையில் என்றேன். அவரிடமும் அதே பொய். சர்க்கரை உடம்பு, நாளைக்கே காட்டு என்றார். நாளை ஆடி வெள்ளி என்றேன். தாளிக்காத சாம்பாரையே ஊற்றிக்கொண்டார்.

ஆடி 9, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. எட்டாம் நாளோடு நின்றது. உடம்பு கொதிப்பு, குளிர்.

மத்தியானம் அம்மியில் வேப்பிலை அரைக்க உட்கார்ந்தேன். உட்காரவா முடிந்தது, முட்டி போட்டு. நான்கு இழுப்பு. அந்தப் பச்சை வாடை வந்ததும் கை நின்றுவிட்டது. இந்தக் கைதான் அப்போதும் அரைத்தது.

பாபு அண்ணன் காசிமேட்டில் மீன்பாடி வண்டி மிதித்தான். அவனுக்கும் சீட் படுகிற இடத்தில் கட்டி. அதுவும் ஆடிதான். ஆத்தா வந்திருக்கிறாள் என்றாள் அம்மா. வேப்பிலைப் படுக்கை, வாசலில் வேப்பிலைக் கொத்து, இளநீர். எனக்குப் பதினைந்து வயது, அரைத்துக் கொடுப்பது என் வேலை. ஐந்தாம் நாள் அம்மா லாரித் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். சுட்டது.

"பாப்பா, என்னை டாக்டராண்ட இட்டுகினு போறியா?"

"ஆத்தா கோச்சுக்கும்ணா."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அப்புறம் கேட்கவில்லை. எட்டாம் நாள் போய்விட்டான்.

இதை அம்மாவிடம் சொன்னதில்லை. இவரிடம் சொன்னதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

அரைத்ததை வழித்துச் செடிக்குப் போட்டேன். ஆத்தா, இது நீதான் என்றால் என்னை மன்னித்துக்கொள். நீ இல்லையென்றால் அன்றைக்கு அவனுக்கு வந்தது என்ன.

மாலை முழுக்க தெருவில் செயின் சத்தம். எட்டிப் பார்க்கவில்லை.

ஆடி 10, சனி

விடியற்காலை மழை, தெருவில் கணுக்கால் தண்ணீர். துணி காயவில்லை.

இவரிடம் கட்டி இருக்கும் இடத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். ஆட்டோவுக்குப் போன் செய்தார். லேடி டாக்டர் கிளினிக். சீட்டு எழுதுகிற பெண் என்ன பிரச்சினை என்றாள். சைக்கிள் சீட்டில் உட்காரும் இடத்தில் கட்டி என்றேன், சத்தமாகவே. பெஞ்சில் இரண்டு பேர் திரும்பினார்கள். திரும்பட்டும்.

டாக்டர் பார்த்தார், மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார். சீழ் நிறைய வந்தது. உரசல், வியர்வை, முடிவேரில் கிருமி. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சாதாரணமாம், சர்க்கரை இருந்தால் தள்ளிப்போடக் கூடாதாம். தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும். ஆறும் வரை சைக்கிள் கூடாது. ஆறியபின் ஓட்டலாம், ஈரத்துணியோடு இருக்கக் கூடாது.

அம்மை இல்லையா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. இல்லை என்றார். மாத்திரைச் சீட்டை நீட்டினார். ஐந்து நாள், காலை ஒன்று, இரவு ஒன்று.

"அவ்ளோதானா டாக்டர்?"

"அவ்ளோதாம்மா."

இவர் மருந்துக்கடையில் வாங்கிவந்து கையில் கொடுத்தார். ஆட்டோ வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து மாத்திரை.