படிங்க, கையெழுத்து போடாதீங்க

ஜூன் 3, 2025
எங்கப்பா பேர அழிச்சிட்டான் அந்தாளு.

ஜூன் 5
ரெண்டு நாளா கடையில தையல் ஓடல. எதிர்ல இருக்கற நூலகத்தைப் பார்த்தாலே வயிறு எரியுது. தொண்ணூத்தொண்ணு வரைக்கும் அது தொழிலாளர் யூனியன் ஆபீஸ். எங்கப்பா ஜெயவேல்தான் தோழர்களைக் கூட்டி, பெருக்கிக் கழுவி, "நம்ம பசங்க படிக்கட்டும்"னு நூலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். கொடுத்த முப்பத்தொரு பேர் பேரும் உள்சுவத்துல பெயின்ட்ல இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வந்த நூலகர் சுப்பராயன் அதுமேல வெள்ளையடிச்சிட்டார். கேட்டா, "சுவர் அசிங்கமா இருந்துச்சும்மா"ன்றார்.

அசிங்கமா? எங்கப்பா பேரு அசிங்கமா?

ஜூன் 9
விடமாட்டேன்.

வருகைப் பதிவேட்டுல விழுற கையெழுத்தை எண்ணித்தான் மாசாமாசம் மேலிடத்துக்கு அனுப்பறாங்க. கொறஞ்சா நூலகர்தான் பதில் சொல்லணும். வர்றவங்க எல்லாரும் என் கடையைத் தாண்டித்தான் போகணும். ஒவ்வொருத்தரையா நிறுத்திச் சொன்னேன் – போங்க, படிங்க, கையெழுத்து மட்டும் போடாதீங்க. மளிகைக்கடை ராசையா அண்ணாச்சி, "ஜெயவேல் மவ சொல்லி கேக்காம இருப்பமா?"ன்னுட்டார்.

ஜூன் 24
நேத்து ஆறே கையெழுத்து. உள்ளே நாப்பது பேர். சிரிச்சிக்கினே பட்டன் தெச்சேன்.

ஜூலை 16
பக்கத்துத் தெரு ஷாஸியா மட்டும் முனகுறா. வூட்ல எட்டு பேர், ஒரே ரூமு. அடுத்த குரூப் ஃபோர் பரீட்சைக்கு காலையிலேர்ந்து நூலகத்துலதான் உக்காந்து படிக்கிறா. "வேணாம் செங்கொடிக்கா, லைப்ரரிக்கே எதனா ஆயிடப் போவுது"ன்றா. அதட்டி வாயை மூடிட்டேன்.

சுப்பராயன் ஏன் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்றான்? பயந்துட்டான். நல்லா பயப்படட்டும்.

செப்டம்பர் 22
மேலிடத்துலேர்ந்து அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டினார். அந்தாளு கையைக் கட்டிக்கினு நின்னான். கண் குளிரப் பார்த்தேன்.

அக்டோபர் 30
"வாசகர் வருகை இல்லாததால் இந்தக் கிளை மூடப்படுகிறது, வேறு கிளையோடு சேர்க்கப்படுகிறது." நூலகக் கதவுல ஒட்டியிருக்காங்க. நாலு தடவை படிச்சேன்.

ஐயோ, மூடவா சொன்னேன்? அவனை ரெண்டு திட்டு திட்டட்டும்னுதானே...

நவம்பர் 4
வேன்ல புத்தகம் ஏத்திக்கினு இருந்தாங்க. சுப்பராயன் ஸ்வீட் பாக்ஸோட கடைக்கு வந்தார்.

"தாம்பரம் போறேன்மா. வீடு அங்கதான். வந்த நாள்லேர்ந்து டிரான்ஸ்ஃபர் கேட்டு அலுத்துட்டேன். கிளையே இல்லைன்னா மாத்தித்தானே ஆகணும்?"

பாக்ஸை என் கையில வெச்சார்.

"நீங்க ஆளுங்களை நிறுத்திச் சொன்னது முத நாளே தெரியும்மா. யாரையாவது கையெழுத்து போடுங்கன்னு நான் கேட்டேனா?"

பாவி! பாக்ஸை அவன் மூஞ்சில வீசியிருக்கணும். கையில வாங்கிக்கினு மரம் மாதிரி நின்னேன்.

நவம்பர் 6
ஷாஸியா புத்தகப் பையோட வந்து பூட்டின கதவாண்ட கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் என் கடை வழியாத்தான் திரும்பிப் போனா. என்னைப் பார்க்கல. கூப்பிடலாம்னு எழுந்தேன். இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு கூப்பிடறது? உக்காந்துட்டேன்.