ஒருவரும் வெல்லாத விளையாட்டுக்கு நான் வாங்கிய கிண்ணம்

என் செல்ல மருமகள் சுகந்திக்கு,

அங்கே காலமையில் எழும்பி ஓடுவதற்கு உனக்கு இடம் கிடைத்திருக்கிறதா, பிள்ளை? கிடைக்காவிட்டாலும் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். மேலுலகத்தில் சாய்ந்து கிடக்கிற கிழடுகளை எல்லாம் எழுப்பி, வட்டமாக நிறுத்தி, கையைக் காலை ஆட்ட வைத்திருப்பாய். தேவர்களுக்கே இப்போது முழங்கால் நோகும்.

இங்கே உன் மாமா நான் வீட்டுக்குள் கிடக்கிறேன். மல்லாவிச் சந்தையில் தும்மினால் முல்லைத்தீவுக் கடலில் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்க்கும் குரல் என்று என்னைப் பற்றி நானே பரப்பி வைத்திருந்தேனே, அந்தக் குரல் இப்போது அடங்கிப்போய்விட்டது. நான் கதைக்காமல் இருப்பதைக் கண்டு அயலட்டை பயந்துபோய், மருந்து கொடுக்கப் பரியாரியைக் கூப்பிடுவமோ என்று யோசிக்கிறது.

உடம்புக்கு ஒரு வருத்தமுமில்லை, வெட்கம். ஊருக்கு முன்னால் செய்த காரியம் என்பதால், இந்தக் கடிதத்தையும் ஊர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

நீ பள்ளிக்கூடத்துக்கு ரீச்சராக வந்த புதிதில் என் வீட்டு வாசற்படலையில் வந்து நின்றது நினைவிருக்கிறதா? இடம்பெயர்ந்த காலத்தில் நாங்கள் கூடாரம் போட்டிருந்த நீலத் தறப்பாளைக் கேட்டாய். சமாதானம் வந்து, ஓலையும் ஓடும் தலைக்கு மேலே ஏறியபிறகு, நான் அதால் நெல்லு மூடிக்கொண்டிருந்தேன்.

“மாமா, தறப்பாளைத் தாங்கோ. பிள்ளையள் விளையாட.”

“தறப்பாளிலை என்ன விளையாட்டடி? அதுக்குக் கீழை கிடந்து சீரழிஞ்சது போதாதே?”

“கீழை கிடந்ததுகள் இப்ப மேலை தூக்கட்டுமே.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கொடுத்தேன். பிறகு வேலியோரம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் தறப்பாளின் விளிம்பைச் சுற்றிப் பிடித்திருந்தார்கள். நடுவில் ஒரு பந்து. அது விழாமல் மைதானத்தின் மறு கரைக்குக் கொண்டு போகவேண்டும். ஒருத்தன் அவசரப்பட்டால் தறப்பாள் சரியும், பந்து உருளும். பந்து விழுந்தால் எல்லாரும் அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்திருந்து, சிரித்து, சேர்ந்து எழும்பவேண்டும். முதலில் கரை சேர்ந்தவர்கள் திரும்பி ஓடிவந்து, பிந்தி வருகிறவர்களின் தறப்பாளைப் பிடித்துக் கொடுக்கவேண்டும்.

“அப்ப வெண்டது ஆர்?” என்று கேட்டேன்.

“ஒருத்தருமில்லை மாமா.”

“வெல்லாத விளையாட்டு உப்பில்லாத கஞ்சியடி!”

நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாய்: “ஓட்டப்போட்டி வைச்சால் கெட்டிக்காரர் நாலு பேர் ஓடுவினம். மிச்சப் பிள்ளையள் மரத்தடியிலை இருந்து கைதட்டுவினம். கைதட்டினால் உடம்பு உரப்படுமோ? எனக்கு எல்லாரும் ஓடவேணும்.”

எல்லாரும் ஓடினார்கள்தான். சளி பிடித்ததும் ஓடியது, குண்டனும் ஓடினான், ஒருவரோடும் கதைக்காத பிள்ளையும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடியது. நானும் ஒருநாள் பிடித்தேன். பந்தை ஆகாயத்துக்கு எறிந்து ஒரு பருந்தை மயங்கி விழப்பண்ணினேன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். நீ சிரித்த சிரிப்பு உண்மை. பருந்து பொய்.

மார்கழி மழையோடு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டு போனது. பங்குனியில் ஆரம்பப் பிரிவு விளையாட்டு விழா வந்தது. அதிபர் என்னைத் தேடி வந்து, “அண்ணை, இந்த முறை மைக் உங்கட கையிலை. ரீச்சரின்ரை விளையாட்டை நீங்கள்தான் நடத்தித் தரவேணும்” என்றார்.

நான் நடத்தினேன் பிள்ளை. எப்படி நடத்தினேன் என்பதுதான் கதை.

எங்கள் ஊரில் ஒருவர் போனால் அவர் பெயரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிண்ணம் கொடுப்பது வழக்கம்தானே. தகப்பன் பெயரில் நூறு மீற்றர் ஓட்டத்துக்கு, பாட்டன் பெயரில் கயிறிழுத்தலுக்கு. என் மருமகளுக்கு மட்டும் இல்லையோ? வவுனியாவுக்குப் போய், கடையிலேயே பெரிய வெள்ளிக் கிண்ணமாகப் பார்த்து, உன் பெயரைப் பொறிப்பித்தேன். பஸ்ஸில் பச்சைப் பிள்ளையைப்போல மடியில் வைத்திருந்தேன். சோதனைச் சாவடியில் ஒரு பொடியன் அதற்குள் தலையை விட்டுப் பார்த்தான். புளியங்குளத்தில் ஏறிய ஒரு மனிசி, “எந்தக் கோயிலுக்கு ஐயா?” என்று கேட்டா. பெருமை பிடிபடவில்லை எனக்கு.

‘சுகந்தி ரீச்சர் ஞாபகார்த்த வெற்றிக் கிண்ணம்.’ வெற்றி! வீடு வரும்வரைக்கும், அதற்குப் பிறகும், அந்தச் சொல் என் கண்ணில் குத்தவில்லையே.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நீலத் தறப்பாள் ஒரு பக்கம், வெள்ளைத் தறப்பாள் ஒரு பக்கமாக நின்றார்கள். மேசையில் கிண்ணம் பளபளத்தது. மேசைக்குப் பின்னால் கதிரையில் கொம்மா, என் அக்கா, பரிசு கொடுக்க இருந்தா. நான் மைக்கைப் பிடித்தேன். “வன்னியின் வரலாறு காணாத மாபெரும் சமர்! முதலில் கரை சேரும் அணிக்கே இந்தத் தங்கத்தை மிஞ்சிய வெள்ளி!”

பிள்ளைகள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அந்த நிமிசமே அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

பாதித் தூரத்தில் நீலத் தறப்பாளின் பந்து விழுந்தது. மேனகா உடனே கையை விட்டு நிலத்தில் இருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குளத்துக்கு அங்கால் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, உனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் இருப்பதா ஓடுவதா என்று தெரியாமல் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் நான்.

“இருக்காதேங்கோ! பந்தை எடுத்துப் போட்டிட்டு ஓடுங்கோ! வெள்ளை வருகுது! அந்தப் பிள்ளையை விட்டிட்டு ஓடுங்கோ!”

விட்டுவிட்டு ஓடு என்று, நாங்கள் ஓடிய ஓட்டத்திலெல்லாம் ஒரு பிள்ளைக்கும் சொல்லாத சொல்லை, ஒரு கிண்ணத்துக்காக ஒலிபெருக்கியில் சொன்னேன்.

நீலப் பிள்ளைகள் ஓடினார்கள். வென்றார்கள். சனம் விசிலடித்தது. வெள்ளைத் தறப்பாளைத் தோற்ற பிள்ளைகள் நடு மைதானத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். மேனகா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அக்கா என் சாரத்தைப் பிடித்து இழுத்தா. “தம்பி, அங்கை ஒரு பிள்ளை இருக்குது.”

“பிறகு பாப்பம் அக்கா, கிண்ணத்தைக் குடுங்கோ.”

“டேய், இதிலை என்ரை பிள்ளையின்ரை பேர் கிடக்கு. இதை எப்பிடியடா குடுக்கிறது?”

“சனம் பாக்குது அக்கா!”

கொடுத்தா. உன் பெயரைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தா. அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை.

நேற்று மேனகா வீட்டுக்குப் போனேன். தாய், “வாங்கய்யா, உக்காருங்க” என்று வரவேற்று, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனா. மேனகா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்:

“பந்து விழுந்தால் இருக்கச்சொல்லி ரீச்சர் சொன்னவா. நான் இருந்தனான். பிழையோ மாமா?”

“இல்லையம்மா.”

“அப்ப ஏன் என்னைச் சேர்க்கினமில்லை? எங்கட கப் போகப் பாத்தது உன்னாலைதான் எண்டு சொல்லுகினம்.”

“அப்ப இடைவேளையிலை என்ன செய்யிறனி?”

“மரத்தடியிலை இருந்து பாப்பன்.”

சுகந்தி, நீ எழுப்பி ஓடவிட்ட பிள்ளையை உன் பெயரைச் சொல்லியே நான் மரத்தடிக்கு அனுப்பிவிட்டேன். தாய் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினேன்.

அங்கிருந்து நேரே அதிபரிடம் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழும்பிக் கையைக் குலுக்கினார். “அண்ணை, சனத்துக்கு நல்லாப் பிடிச்சிட்டுது! வாற வருசம் எல்லா வகுப்புக்கும் கிண்ணம். கிண்ணம் தர இப்பவே ஆக்கள் பேர் சொல்லிப்போட்டினம்.” நான் கிண்ணம் பிழை என்றேன். மனிதர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். ஆயுள் முழுக்கப் பகிடி விட்டவனுக்கு இதுவும் வேண்டும்.

கிண்ணத்தை என்ன செய்வது பிள்ளை? வகுப்பு அலுமாரியில் வைத்து ஒவ்வொரு நாளும் துடைக்கிறார்களாம். அதைப் பறித்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு அநியாயம். விட்டால் மேனகாவுக்கு. நீ இருந்தால் என்ன செய்வாய்? நீ இருந்தால் கிண்ணமே வந்திருக்காது, அது வேறு கதை.

உனக்கு ஒன்று சத்தியம் பண்ணித் தருகிறேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், மைக் இல்லாமல், பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பேன். “மேனகா செய்ததுதான் சரி. உங்களிலையும் பிழையில்லை. விட்டிட்டு ஓடச் சொன்னது நான்.” இவ்வளவுதான் சொல்வேன். ஒரு பருந்தையும் சேர்க்க மாட்டேன். கொம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன், வந்தாவென்றால். கிண்ணத்தை என்ன செய்வதென்று பிள்ளைகளையே கேட்பேன், அவர்கள் சொல்வதைச் செய்வேன். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், அதிபர் கோபித்தால் கோபிக்கட்டும். இடைவேளை மணி அடித்தபிறகும் அங்கேயே நிற்பேன். மேனகாவை ஒரு பிள்ளையாவது வந்து கூப்பிடும்வரைக்கும், அன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் போய் நிற்பேன்.

உன் தாயின் தம்பி,
உனக்கு முன்னால் முதன்முறையாக வாயடைத்து நிற்கும்
சின்ன மாமா