கவரிங் ஒட்டியாணம்

அக்கா,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து என் ஒட்டியாணத்தை எடுத்தேன். சுற்றியிருந்த பழந்துணியைப் பிரித்ததும் பழப்புளி வாசம் வந்தது. கவரிங்கைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் துலக்கிக் கொண்டுவந்து தந்தீர்கள். மூட்டுகளில் பச்சை பிடித்துவிட்டது. நகரத்தின் அடுத்த பக்கத்தில் இருக்கும் ஒரு பெண் தொலைபேசியில் கேட்டிருந்தாள். சனிக்கிழமை மகளுக்குச் சடங்காம், ஒருநாள் இரவல் வேண்டுமாம். ஜெர்மனியின் இந்த டுசல்டோர்ஃபில் பெரியபிள்ளையான தமிழ்ப் பெண்களில் பாதிப்பேரின் இடுப்பில் ஏறி இறங்கிய சாமான் இது. கடைசியாக ஏறியது உங்கள் மகளின் இடுப்பில். அதன்பிறகு நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்தச் சாமத்திய வீட்டை நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தீர்கள், நான் அதே ஆஸ்பத்திரியின் சமையலறையில் தட்டுக் கழுவினேன். அழைப்பிதழைப் பார்த்தவனோ ஏதோ சமஸ்தானத்து விசேஷம் என்று நினைத்திருப்பான். நீளமான வெள்ளைக் கார் ஒன்று மணிக்கணக்கு வாடகைக்கு வந்தது. வீடியோக்காரன் திருப்திப்படும்வரை அது மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தையே சுற்றிச் சுற்றி ஓடியது. சங்கிலிகள் எல்லாம் நாலைந்து வீட்டு இரவல். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஒருநாளைக்கு அவள் ராணியா இருந்திட்டுப் போகட்டும், நீர் பேசாமல் இரும்," என்றீர்கள். பிள்ளைக்குப் பின்னால் பனிமலையையும் அருவியையும் வீடியோக்காரன் ஒட்டிக் கொடுத்தான். நம்முடைய ஆட்கள் எல்லாரும் செய்கிற கூத்துதான்.

டிவிடியின் முதல் பிரதி கொழும்பில் இருந்த உங்கள் தம்பிக்குப் போனது. வெள்ளவத்தையில், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்க ஆட்கள் வரும் சின்னக் கடை அவருடையது. மருமகளின் சடங்கு என்ற பெருமையில் கடைத் தொலைக்காட்சியில் காலையில் போட்டால் பொழுதுபடும்வரை ஓடவிடுவார். "வாற சனமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிக்குது அக்கா," என்று உங்களுக்குச் சொன்னார். அதை நீங்கள் என்னிடம் சொல்லும்போது உங்கள் முகம் மலர்ந்திருந்தது.

அது கொழும்பில் இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் வண்டிகள் ஓடிய காலம். பட்டப்பகலில் ஆளைத் தூக்கிப் போவார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனால், எங்கேயாவது போயிருப்பார், வருவார் என்று சொல்லி அனுப்புவார்கள். அதற்கும் ஒரு அரசு என்று பெயர், ஒரு கொடி, ஒரு தேசிய கீதம். அப்படி ஒரு வான் வண்டியில்தான் உங்கள் தம்பியைக் கடை வாசலில் வைத்து ஏற்றிப் போனார்கள்.

செய்தி வந்த அன்றே உங்கள் வரவேற்பறை நிரம்பிவிட்டது. தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து துப்புத் துலக்கினார்கள். அதில் தலைமை வகித்தவர் கொழும்பைப் பார்த்தே இருபது வருடம் இருக்கும். "அங்கை பக்கத்து வீட்டுச் சிங்களவன்தான் காட்டிக் குடுத்திருக்கிறான். வேறை ஆர்?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் குசினியில் நின்று அந்த மேதைகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிங்களவர் அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்? தன் பேக்கரியைப் பூட்டிவிட்டு, உங்கள் தம்பியின் மனைவியை ஓட்டோவில் ஏற்றிப் பொலிஸ் நிலையம் நிலையமாக அலைந்துகொண்டிருந்தார். அவளுக்குச் சிங்களம் வராது, அவர்தான் பேசினார். தமிழருக்காக உனக்கென்ன வேலை என்று பொலிஸ்காரன் அவரைத் திட்டியிருக்கிறான். அவருடைய சனமே அவரிடம் பாண் வாங்குவதை நிறுத்தியிருக்கிறது. அவள் தொலைபேசியில் சொன்ன இதையெல்லாம் நீங்கள் சபையில் சொன்னீர்கள். "அதுவும் நடிப்புத்தான் தங்கச்சி," என்று பதில் வந்தது. நம்மவரின் மூளையைப் பற்றி எனக்கிருந்த மிச்ச மரியாதையும் அந்த இடத்தில் போனது.

அடுத்தநாள் கடத்தியவனே தொலைபேசி எடுத்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று நீங்கள் ஒலிபெருக்கியை அழுத்தினீர்கள். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். "அக்கா, பிள்ளையின்ரை சடங்கு நல்ல வடிவு. கடையிலை நிண்டு பார்த்தனாங்கள். அந்த ஒட்டியாணம் ஒண்டே போதும், வித்துப்போட்டு அனுப்புங்கோ."

அந்தச் சபைக்கு முன்னால் நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது. "அது கவரிங் தம்பி. அதுவும் என்ரை இல்லை, இரவல். கார் வாடகை. நான் ஆஸ்பத்திரியிலை நிலம் துடைக்கிறன்."

அவன் சிரித்தான். "ஜெர்மனியிலை இருந்துகொண்டு கவரிங்கோ? ஆருக்கு அக்கா கதை விடுறீங்கள்?"

அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான்? நாம் ஏழைகள் என்று ஊரில் ஒருவரும் நம்பிவிடக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை வருடம் படம் அனுப்பினோம். உங்களுக்கு உறைத்தது வேறொன்று. அன்றைக்கு நீங்கள் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தீர்கள். "அவன் அக்கா எண்டான், நானும் தம்பி எண்டிட்டன்," என்றீர்கள். அந்த அழுகையை என்னால் நிறுத்த ஏலவில்லை.

கடன்பட்டு நீங்கள் அனுப்பியதையும் அந்த ஈனப் பிறவிகள் விழுங்கினார்கள். தம்பி வரவில்லை. தொலைபேசியும் நின்றுபோனது. சோபாவில் இருந்தவர்களோ அசரவில்லை. தமிழ் படித்த சிங்களவன்தான் அப்படிப் பேசியிருக்கிறான் என்று முடிவு கட்டி, தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நம் மொழியில் ஒரு கயவன் பேசுவான் என்பதை ஏற்றுக்கொள்ளும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. எனக்கு அந்தக் கடத்தல்காரர்கள் மேல் எவ்வளவு அருவருப்போ, இவர்கள் மேலும் அவ்வளவு அருவருப்பு.

நீங்கள் துடைத்த ஆஸ்பத்திரியிலேயே நீங்களும் படுத்தீர்கள். போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் செத்தவீட்டையும் வீடியோ எடுத்தார்கள் அக்கா. துப்புத் துலக்கிய தலைவர் கமெராவைப் பார்த்து உங்கள் குணநலன்களை விவரித்தார். ஒரு வாரம் கழித்து அந்தப் பேக்கரிக்காரர் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, என்னிடம் உடைந்த தமிழில் பேசினார். "நான் இன்னும் போய்க் கேக்கிறது, தம்பியை," என்றார். உங்கள் சாவுக்குப் பிறகு உங்கள் தம்பியைப் பற்றிப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

இன்று மத்தியானம், இரவல் கேட்ட அந்தப் பெண் வந்தாள். ஒட்டியாணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இது கவரிங் பிள்ளை," என்றேன்.

"தெரியும் அக்கா. வீடியோவிலை தெரியாதுதானே."

"வீடியோவை ஊருக்கு அனுப்புவீரோ?"

"ஓம். முதல் கொப்பி தம்பிக்கு. இப்ப சண்டை முடிஞ்சுதுதானே, அவன் கொழும்பிலை கடை போட்டிருக்கிறான்."

அவளை இருத்தி உங்கள் கதையை ஆதியோடந்தம் சொன்னேன். முகம் கறுத்து எழுந்தாள். "தர விருப்பமில்லாட்டி நேரை சொல்லியிருக்கலாம்," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒட்டியாணத்தை மறுபடி பழந்துணியில் சுற்றி வைத்தேன். இனி யார் கேட்டாலும் உங்கள் தம்பியின் கதையோடு சேர்த்துத்தான் கொடுப்பேன். அதனால் இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.