நான் நீக்கிய நாற்பத்தோரு பேர்

10-2-97, திங்கள்

பனி விடியற்காலையிலேயே நின்றுவிட்டது. டிரைவ்வேயில் முழங்கால் உயரம். இவர் ஷவல் பண்ணிவிட்டு எட்டரைக்கு ஆபீஸ் கிளம்பினார். போகும்போது, "குனியற வேல எதும் வெச்சுக்காத சுமதி." எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததிலிருந்து தினமும் இதே பல்லவி.

ஹெச்-4 விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. எம்.சி.ஏ. படித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் பக்கத்து வீட்டு டாரதிக்கு டேட்டா என்ட்ரி. அறுபத்தெட்டு வயது. பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். வாய் வரவில்லை. மிஸஸ் டி. என்று சமாளிக்கிறேன்.

அவருடைய அப்பா வழி இங்கிலாந்தில் எல்டர்ஸ்பி என்று ஒரு குக்கிராமம். ஒரே சர்ச். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பாதிரியார்கள் ஒருவர் பின் ஒருவராக இருநூறு வருஷம் நோட்டில் எழுதி வந்திருக்கிறார்கள். மைக்ரோஃபில்மிலிருந்து எடுத்த காப்பி, முந்நூறு பக்கம். அதைக் கம்ப்யூட்டரில் ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாபேஸாக ஏற்றுவது என் வேலை. அந்த ஊர்க்காரர்கள் சின்னதாகப் புத்தகம் போடுகிறார்களாம். ஃப்ளாப்பி 21ஆம் தேதி தபாலில் போயாக வேண்டும்.

இன்று பதினோரு பக்கம். மீதி இருபத்திரண்டு.

வாங்க: பால், புளி, கறிவேப்பிலை (எடிசன் இந்தியன் கடைக்குப் போனால்).

12-2-97, புதன்

முடிந்தது. முதுகு விட்டுப் போச்சு.

அந்தப் பாதிரியார்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆடு மேய்த்தவர், கூரை வேய்ந்தவர், யாரையும் விடவில்லை. பனியில் செத்துக் கிடந்த வழிப்போக்கர், பேர் தெரியாது என்று ஒரு வரி. அந்த ஆளுக்கும் ஒரு வரி! இன்று வெளியே பார்த்தபோது அவர் ஞாபகம்தான்.

கல்யாணப் பக்கங்களில் பெண்கள் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. நம்ம ஊர்க் கைநாட்டுதான்.

ஒரு விஷயம். ஞானஸ்நானப் பக்கங்களில் ஒரே பேர் இரண்டு மூன்று தடவை வருகிறது. பிள்ளை பேர், அப்பா பேர், அம்மா பேர் மூன்றும் அப்படியே. டூப்ளிகேட். தேதி மட்டும் வேறு. பழைய காலத்து ஆட்கள், தேதியில் கோட்டை விட்டிருப்பார்கள். பத்து வரியில் ஒரு புரோகிராம்: மூன்று பேரும் ஒத்துப்போனால் முதல் என்ட்ரியை வைத்துக்கொள், மற்றதை நீக்கு. நாற்பத்தொன்று போனது. நீக்கியது திரும்பி வராதபடி அடியோடு அழிக்கும் பேக் கமாண்டும் கொடுத்து, பழைய ஃப்ளாப்பி மேலேயே காப்பி பண்ணியாச்சு. படு சுத்தம். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

15-2-97, சனி

பிரிட்ஜ்வாட்டர் கோவில். பார்க்கிங்கில் உப்பும் சேறும், புடவைக் கரை பாழ்.

பிரசாத வரிசையில் ஒரு மெட்ராஸ் ஆண்ட்டி. முகம் தெரியும், பேர் தெரியாது. வயிற்றைப் பார்த்துவிட்டு, "முழுகாம இருக்கியாம்மா? முதல் குழந்தையா?"

நான் வாய் திறப்பதற்குள் இவர், "ஆமாங்க, மொதல்."

ஆண்ட்டி டெலிவரிக்கு யார் வருகிறார்கள், அம்மாவுக்கு விசா கிடைக்குமா என்று போய்விட்டார். நான் புளியோதரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் இல்லை. தொண்ணூற்றைந்து ஜூனில், ஈரோட்டில் ஒரு பெண் பிறந்தாள். இரண்டு நாள் இருந்தாள். எனக்கு ஜுரம், பாதி நினைவு. இவரும் மாமனாரும் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. பேர் வைக்கவில்லை, அதனால் பேச்சில் கூட எடுக்க முடியாது. போன வாரம் அத்தை போனில், "பழசெல்லாம் எதுக்கு கண்ணு. இதையே மொதலா வெச்சுக்கலாம்."

அத்தை சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். இவரும் சொல்வார் என்று நினைக்கவில்லை.

18-2-97, செவ்வாய்

பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டுகிறது. மிஸஸ் டி. பத்து மணிக்கே வந்துவிட்டார், கையில் என் பிரிண்ட் அவுட்.

"நல்ல வேலை செய்திருக்கிறாய். ஒரு சின்னச் சிக்கல். உன் லிஸ்ட் பிரகாரம் நான் பிறக்கவே இல்லை."

அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா வில்லியம். லிஸ்டில் வில்லியம் இருக்கிறார், சரியான அப்பா அம்மாவோடு. ஆனால் அவர் மூன்று வாரத்தில் செத்துவிட்டார். மூன்று வாரக் குழந்தைக்கு எங்கிருந்து பேரன் வருவான்?

மிஸஸ் டி.யே விளக்கினார். முதல் வில்லியம் போனதும் அடுத்த பையனுக்கு அதே பேர். அவனும் போனான். மூன்றாவதற்கும் வில்லியம். அது நின்றது. அவர்தான் கப்பலேறி இந்த நியூ ஜெர்சிக்கு வந்தவர்.

டூப்ளிகேட் இல்லை. நாற்பத்தொன்றும் தனித்தனிப் பிள்ளைகள்.

மிஸஸ் டி. கோபிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். அவர் போனதும் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு தைரியமாக நீக்கினேன். இருநூறு வருஷமாக ஒருத்தரும் செய்யாததை ஒரு கீயைத் தட்டிச் செய்தேன்.

19-2-97, புதன்

தண்டனை மாதிரிதான், ஆனால் எனக்கே பிடித்திருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து காப்பியையும் ஸ்கிரீனையும் ஒத்துப் பார்க்கிறேன். கிடைக்கிற ஒவ்வொருவரையும் திரும்ப ஏற்றுகிறேன்.

வில்லியம் 2, வில்லியம் 3.
மேரி 2.
ஆன் 2, ஆன் 3. மூன்றாவது ஆனும் தங்கவில்லை.
தாமஸ் 2, எண்பத்தொரு வயது வரை இருந்தார். சபாஷ் தாமஸ்.

எங்கள் பக்கம் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததற்குக் குப்புசாமி, பிச்சை என்று பேர் வைப்பார்கள். எமன் பார்த்து, இது வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவானாம். பெரியப்பா குப்புசாமி அப்படித் தப்பித்தவர். இந்த எல்டர்ஸ்பிக்காரர்கள் ஒளியவே இல்லை. அதே பேரை அதே கதவுக்கு முன்னால் நின்று மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த அம்மாவுக்கு அந்த நெஞ்சு வரும்? பயமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது.

மத்தியானம் ரசம் சாதம். கால் வீக்கம், ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு டைப்.

20-2-97, வியாழன்

முப்பத்தெட்டு. மீதி மூன்று.

அடக்கப் பக்கங்களில் இதைப் பார்த்தேன். முதல் தடவை எப்படிக் கண்ணில் படாமல் டைப் பண்ணினேன் என்று தெரியவில்லை. "தாமஸ், ஆலிஸ் தம்பதியின் சிசு. ஞானஸ்நானம் ஆகவில்லை. வயது இரண்டு நாள்." அவ்வளவுதான். தாமஸ் கூலிக்காரர். பேர் கூட இல்லாத அவர் பிள்ளைக்காகப் பாதிரியார் நோட்டைத் திறந்து, மையைத் தொட்டு, ஒரு வரி எழுதியிருக்கிறார். மற்றவர்கள் வரி எவ்வளவு பெரிதோ, இதுவும் அவ்வளவே.

இரண்டு நாள். ஸ்கிரீனில் எழுத்து கலங்கிப்போயிற்று, எழுந்து போய் முகம் கழுவி வந்தேன்.

வயிற்றில் அசைவு, இரண்டு முறை. மூன்று மணி இருக்கும்.

21-2-97, வெள்ளி

காலை பதினொன்றுக்கு நாற்பத்தொன்றும் உள்ளே. மிஸஸ் டி. காரில் போஸ்ட் ஆபீஸ். ஃப்ளாப்பியை அட்டையில் வைத்து ஒட்டிக்கொண்டே அவர், "இப்போது நான் பிறந்துவிட்டேனா?" என்றார். பிறந்தாச்சு என்றேன்.

இவர் ஆறு மணிக்கு வந்தார். டீ கொடுத்தேன். கோவிலிலிருந்து வந்ததிலிருந்து எங்களுக்குள் உப்பு, புளிப் பேச்சுதான். இன்றைக்கு அடக்க முடியவில்லை. டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டேன்.

"ஏனுங்க, நம்ம புள்ளைய எங்கயாச்சும் எழுதி இருக்குதுங்களா?"

எந்தப் புள்ள என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. மாடிக்குப் போனார். பாஸ்போர்ட், டிகிரி எல்லாம் வைத்திருக்கிற பச்சை ஃபைலை எடுத்து வந்தார். அடியில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் இரண்டு காகிதம், முனிசிபாலிட்டி முத்திரையோடு. ஒன்று பிறப்பு, ஒன்று இறப்பு.

"ரெண்டும் ஒரே நாள்ல போய் வாங்குனேன். கவுன்ட்டர்ல இருந்தவரு பேரு என்னன்னு கேட்டாரு. இன்னும் வெக்கலீங்கன்னேன். கோடு போட்டுட்டாரு."

"எங்கிட்ட ஏனுங்க காட்டல?"

"நீ என்னிக்காச்சும் கேப்பேன்னுதான் இத்தன தூரம் எடுத்துட்டு வந்தேன். நீ கேக்கவே இல்ல. கேக்காதப்ப நானா எப்படி நீட்டறது."

"அப்பறம் எதுக்குங்க அந்தம்மாகிட்ட மொதல்னு சொன்னீங்க?"

"கோயில்ல அத்தன பேருக்கு முன்னால உன்ன அழ விடச் சொல்றியா."

ஒன்றரை வருஷமாக என் சர்ட்டிபிகேட்டுக்குக் கீழேயே இருந்திருக்கிறாள். இவரை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

அவர் படிக்க, நான் கேட்டேன். பெயர், கோடு. பால், பெண். தாய், சுமதி. தந்தை, செல்வராஜ். இடம், ஈரோடு. தேதி. அவ்வளவுதான். டீ ஆறிப்போனது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.