நாற்பது நாள் தாண்டியவன்

அண்ணை,

இன்று காலை குசினியில் சோறு அடிப்பிடித்துவிட்டது. இல்லம் முழுக்க அந்தக் கருகல் மணம். உங்களுக்குப் பிறகு சமைக்க வந்தவர் கிடாரத்தை அடுப்பில் வைத்துவிட்டுக் காலை ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் இருந்திருந்தால், "ஆண்டவர் எங்கயும் ஓடமாட்டார், முதல் வந்து அடுப்பைப் பாருங்கோ!" என்று குசினி வாசலில் நின்று கத்தியிருப்பீர்கள். நினைத்ததும் சிரிப்பு வந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அதுதான் பேனாவை எடுத்தேன்.

உங்களோடு கதைக்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நீங்கள் உயிரோடு இருந்தபோது கதைக்காமல் விட்டவன் நான். இப்போது கடிதம் எழுதுகிறேனாம், வெட்கங்கெட்ட வேலை.

நான் இந்த இல்லத்துக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்தவனைப் அப்போது இல்லத்தை நடத்திய பழைய பாதர் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். குடியால் வீட்டையும் மனைவியையும் தொலைத்தவன். தண்ணீரூற்றுப் பக்கம் இப்படி ஓர் இடம் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வீடு வாசல் இல்லாத ஆண்கள் ஒரு வருடம் தங்கலாம். விடிய ஜெபம், பிறகு சீமெந்தைக் குழைத்து அச்சில் கல் அரிவது, கோழி பார்ப்பது, தோட்டம். குடி கிடையாது. வருடம் முடிய ஒரு வேலையும் அறையும் பார்த்து, பாய், பானை, வேதாகமம் கொடுத்து அனுப்புவார்கள். அனுப்பிய பிறகு நாற்பது நாளைக்கு இல்லத்து வாசலை மிதிக்கக் கூடாது. ஆண்டவர் வனாந்தரத்தில் இருந்த கணக்கு அது. முன்பெல்லாம் காலையில் போனவர்கள் பின்னேரமே பாயோடு திரும்பி வந்ததால் பழைய பாதர் போட்ட சட்டம். "முதல் நாப்பது நாள்தான் கஷ்டம். அதைத் தாண்டினா ஆள் நிண்டிடும்" என்பார்.

நீங்கள் மட்டும் போகவில்லை. குசினிக்கு ஆள் வேண்டும் என்று உங்களை வைத்திருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் தோணியும் வலையும் வைத்திருந்தவர், இங்கே கிடாரமும் அகப்பையுமாக நின்றீர்கள். அங்கே உங்களுக்கு யார் யார் இருந்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அந்தக் கதையை விடு தம்பி, வெங்காயத்தை உரி" என்றீர்கள். நான் உரித்தேன். கண் எரிகிறது என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

பெரிய அறையில் இருபது கட்டில்கள். உங்களுடையது நட்டநடுவில். குறட்டைச் சத்தம் தாங்காமல் எல்லோரும் சுவரோரம் கேட்டு அடிபட, நீங்கள் மட்டும் நடுக் கட்டிலை விடமாட்டீர்கள். "நாலு பக்கமும் ஆக்கள் மூச்சு விடோணும். அப்பதான் எனக்குக் கண் மூடும்" என்று பகிடியாகச் சொல்வீர்கள். பகிடி என்றுதான் நானும் எடுத்தேன்.

என் முறை வந்தது. புதுக்குடியிருப்பில் கல் அரியும் இடத்தில் வேலை, பக்கத்தில் அறை. ஐந்து நாள் இருந்தேன். ஆறாம் நாள் நடுப்பகல் சாராயக் கடை வாசலில் என் கால் தானாகப் போய் நின்றது. அங்கிருந்து ஓடிவந்து பஸ் ஏறி, இல்லத்தின் பின்வேலியில் வந்து நின்றேன். நீங்கள் முருங்கையிலை ஒடித்துக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சட்டம் தெரியாதா என்று கேட்கவில்லை. "விறகுக்கொட்டிலுக்குள்ள போய்க் கிட தம்பி. பாதர் இந்தப் பக்கம் வாறேல்லை" என்றீர்கள்.

மூன்று நாள் அங்கே கிடந்தேன். சோற்றுக் கோப்பையின் மேல் முருங்கையிலையைப் போட்டு மூடிக் கொண்டுவந்து தந்தீர்கள். நான் அழ அழ நீங்கள் பக்கத்திலிருந்து விறகு கொத்தினீர்கள், வெளியே சத்தம் கேட்காமலிருக்க. நாலாம் நாள், "இப்ப போ. இப்ப நிப்பாய்" என்றீர்கள். போனேன். நின்றேன். நாற்பதாம் நாள் முன்வாசலால் வந்தபோது பழைய பாதர் என்னைக் கட்டிப்பிடித்தார். கோப்பில் என் பெயருக்கு எதிரே, "நாற்பது நாளும் தாண்டியவர்" என்று எழுதினார். அதை வைத்துத்தான் பிறகு மேற்பார்வையாளர் வேலையும் தந்தார்.

உண்மை வாய் வரை வந்தது அண்ணை. சத்தியமாக வந்தது. ஆனால் சொன்னால் உங்களையும் அல்லவா கேட்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு யார் வெளியே போகும் நாளானாலும் சிற்றாலயத்தில் என்னை எழுப்பிச் சாட்சி சொல்ல விட்டார்கள். "நான் தாண்டினனான், நீங்களும் தாண்டுவியள்." நீங்கள் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வெளியே வந்ததும், "சாட்சிக்காரர் வாறார், ஒரு தேத்தண்ணி ஊத்துங்கோ" என்று நக்கலடிப்பீர்கள். ஒருவருக்கும் விளங்காது. எனக்கு மட்டும் காது சூடாகும்.

பழைய பாதர் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். "இவர் நாலு வருசமா இங்க இருக்கிறார். இருபது பேருக்குச் சமைக்கிறவருக்கு வெளியில பிழைக்கத் தெரியாதோ? வெளியில எத்தினை பேர் கட்டிலுக்குக் காத்துக்கொண்டு நிக்கினம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒட்டுசுட்டானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உங்களுக்கு வேலை பேசினோம், கடைக்குப் பின்னால் அறை பார்த்தோம். "தன் காலில் நிற்கக் கூடியவர்" என்ற படிவத்தில் நான்தான் கையெழுத்து வைத்தேன். உங்கள் கைப்பக்குவத்தை எண்ணி வைத்தேன். நடுக் கட்டில் என் புத்திக்கு வரவில்லை.

நீங்கள் போகும் நாளிலும் என்னை எழுப்பினார்கள். உங்களைப் பார்த்தே அந்தச் சாட்சியைச் சொன்னேன் அண்ணை! விறகுக்கொட்டிலுக்குச் சோறு கொண்டுவந்த மனிதரிடம். நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பாயைக் கக்கத்தில் வைத்தபடி, "சரி தம்பி, பாப்பம்" என்றீர்கள்.

பதினோராம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு வந்தீர்கள். பின்வேலிக்கு அல்ல, முன்வாசலுக்கு. சவரம் செய்து, கழுவின சேர்ட் போட்டிருந்தீர்கள். கண் மட்டும் உள்ளே போயிருந்தது.

"வேலை பரவாயில்லை தம்பி. அந்த அறைதான்... இண்டைக்கு மட்டும் இஞ்ச கிடந்திட்டுப் போகட்டோ? தரையில எண்டாலும் சரி."

உங்கள் கட்டிலில் அப்போது வேறு ஒருவர் இருந்தார். நீங்கள் போன அன்றே வந்தவர். பாதர் முற்றத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "இன்னும் இருபத்தொன்பது நாள் கிடக்கு அண்ணை. பழகியிடும். நான் பழகேல்லையோ?"

நான் பழகேல்லையோ! இந்த நாக்கு எப்படித்தான் புரண்டதோ தெரியவில்லை.

நீங்கள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தீர்கள். விறகுக்கொட்டில் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் செத்திருப்பேன், ஆனால் கதவைத் திறந்திருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. "ஓம், சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதானே" என்றீர்கள். தேத்தண்ணி குடித்தீர்கள். உள்ளே எட்டிப் பார்த்து, "சொதிக்குப் புளி காணாது போல கிடக்கு, மணம் வரேல்லை" என்றீர்கள். நானே கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். சட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பாதர் என் தோளில் தட்டினார்.

இருபத்தாறாம் நாள் கடைக்கார ஐயா போன் எடுத்தார். உங்களுக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றார். "உங்கட ஆள் அறையில படுக்கிறேல்லையே. அறைப் பூட்டின்ர திறப்பு சேர்ட் பொக்கெற்றில கிடக்கு, ஆள் பஸ் ஸ்ராண்டில போய்ப் படுக்கிறார். மழையெல்லாம் அங்கதான். கேட்டா, அங்க ஆக்கள் இருக்கினம் எண்டுறார்." நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் துணியால் மூடிவிட்டிருந்தார்கள். சேர்ட்டையும் திறப்பையும் என்னிடம் தந்து கையெழுத்து வாங்கினார்கள். வீடில்லாதவர் என்று உங்களைச் சேர்த்துக்கொண்டோம். திறப்போடு பஸ் நிலையத்துக்கு அனுப்பிவைத்தோம்.

அன்றைக்கு உள்ளே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன். எனக்கு மூன்று நாள் போதுமாயிருந்தது. உங்களுக்கு மூன்று நாள் கண்டிருக்குமா, முப்பது வருடமும் காணாதா, தெரியாது. தெரியாமலே போய்விட்டது.

போன மாதம் பாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருடைய கண்ணும் கலங்கியது. பிறகு சொன்னார்: "இதை நீங்கள் எனக்குச் சொன்னது சரி. ஆனா அவங்களுக்குச் சொல்லாதேங்கோ. உங்களைப் பார்த்துத்தான் அவங்கள் வெளியில போறாங்கள்." சட்டத்தைத் தளர்த்தலாமா என்று கேட்டேன். வாசலில் காத்திருந்த இரண்டு பேரைக் கையால் காட்டினார். அவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான். யாரைச் சொல்லிக் குற்றம்?

வருகிற ஞாயிறு ஒருவர் வெளியே போகிறார். உங்கள் கட்டிலுக்கு வந்தாரே, அவர்தான். நேற்று கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த நாப்பது நாளும் நீங்கள் எப்பிடித் தனியக் கிடந்தனீங்கள்?"

விறகுக்கொட்டில் எங்களுக்குப் பின்னால்தான் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. பக்கத்தில் பாதரும் இல்லை, ஒருவரும் இல்லை.

"பழகியிட்டுது" என்றேன், அண்ணை.