சங்கக் கூட்டத்தில் படித்த அமெரிக்கக் கடிதம்

அப்பா,

ஜெராக்ஸ் எந்திரத்துக்கு எந்த ஊரிலும் ஒரே வாசனைதான். சூடான தாளும் கருகிய மையும். இன்று காலை இங்கே பல்கலைக்கழகத்தில், எங்கள் துறை அலுவலகத்தில் இரண்டு கடிதங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பருவத்துக்கு வரப்போகிற இரண்டு புது மாணவர்களின் அசிஸ்டன்ட்ஷிப் கடிதங்கள். நகலெடுத்துத் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு. முதல் தாள் கைக்கு வந்ததும் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையும் நீங்களும் கூடவே வந்துவிட்டீர்கள். கோபமும் வந்தது. உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். மற்றதெல்லாம் பிறகு.

எனக்கு அப்படி ஒரு கடிதம் வருவதற்கு முன் எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும். பேங்க் மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்று: "நெலம் இருக்கா?" இருந்தது. பண்ணையின் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்திலிருந்து அரசாங்கம் நமக்குப் பிரித்துக் கொடுத்த துண்டு. அதற்காக நீங்கள் ஜெயிலில் இருந்தீர்கள். பட்டாவைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். "இது கவர்மென்ட் குடுத்ததுப்பா. விக்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது" என்று அவர் திருப்பித் தள்ளினார். வீட்டுக்கு வந்து உங்களிடம் கத்தினேன். நீங்கள் பெருமையாகச் சிரித்தீர்கள்.

"அடமானம் வைக்க விட்டிருந்தா அது எப்பவோ திரும்பப் பண்ணைக்கே போயிருக்கும். நல்லதாப் போச்சு."

நல்லதாம்! இன்ஜினியரிங் முடித்த மகன் வாசலில் நிற்கிறான், அப்பாவுக்கு நல்லதாகப் போய்விட்டது.

அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவித்தொகை இருந்தது. அதற்குத் தாலுகா ஆபீஸில் சாதிச் சான்று, வருமானச் சான்று. கூலிக்காரனுக்கு வருமானம் இல்லை என்பதை நிரூபிக்க அத்தனை கையெழுத்து வேண்டும். நடுவில் ஆட்சி மாறியது. சுவரில் தலைவர் படம் மாறியது. வரிசை மாறவில்லை. சான்று கைக்கு வந்தபோது விண்ணப்பத் தேதி போய்விட்டது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. முதுகலைப் படிப்புக்கு இடம், கல்விக் கட்டணம் தள்ளுபடி, கீழ்வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்தினால் மாதச் சம்பளம். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நகலெடுக்க உங்களையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போனேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். நகலை என்னிடம் கொடுத்துவிட்டு, அசலை நான்காக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டீர்கள்.

"வேலைக்குக் கூலி பேசியிருக்கான். கூலி ஒப்பந்தம்னா சங்கத்துல படிக்காம கையெழுத்துப் போடற பழக்கம் நமக்குக் கெடையாது."

"அப்பா, இது நடவுக் கூலி இல்லப்பா. யுனிவர்சிட்டி!"

"யாரா இருந்தா என்ன?"

உளுந்து பறிக்கிற காலம். பறித்துவிட்டு வந்த புழுதியோடு எல்லாரும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடிமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை நான் வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. வெளியில் வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது என்ற இடம் வந்ததும் கலியன் சித்தப்பா எழுந்துவிட்டார். இளவயதில், வேறு எங்கும் கூலிக்குப் போக முடியாத பண்ணையாளாக இருந்தவர் அவர்.

"வெளிய வேலைக்குப் போகக் கூடாதா? அப்ப அது பண்ணையாளுடா தம்பி."

"அது விசா சட்டம் சித்தப்பா."

"சட்டத்த யாரு போட்டது?"

"அமெரிக்காக்காரன்."

"பண்ணையிலயும் பண்ணைக்காரன்தான் போட்டான்!"

ஒரே சிரிப்பு. எனக்கு மண்டை காய்ந்தது. அடுத்து அஞ்சலை அத்தை ஆரம்பித்தாள். நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி.

"ஒடம்புக்கு முடியலன்னு படுத்தா அன்னிக்குச் சம்பளம் உண்டா? பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் ஒண்ணா குடுக்கறானா? அதக் கேளு மொதல்ல."

"நான் ஆம்பளதான அத்தை?"

"ஒனக்குக் கூடுதலாப் போட்டா மட்டும் வாங்கிக்குவியா? வெக்கமா இல்ல?"

கடைசியாக நீங்கள் பேசினீர்கள். "எல்லாருக்கும் ஒண்ணுதானான்னு கேட்டு எழுது. பதில் வரட்டும், தாளத் தரேன்."

கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்டால் இடத்தையே ரத்து செய்துவிடுவார்கள் என்று பயந்து நடுங்கினேன். காலில் விழாத குறை. நீங்கள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. எஸ்.டி.டி. கடைக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேக்ஸ் அனுப்பினேன். அங்கே சேருகிற எல்லா மாணவர்களுக்கும் சம்பளம் ஒன்றுதானா என்று. உலகத்தில் எவனாவது இப்படிக் கேட்டிருப்பானா?

பதில் வந்தது. ஒற்றை வரி: சம்பளம் எல்லா மாணவர்களுக்கும் ஒன்றே. படித்துச் சொன்னேன். நீங்கள் தாளை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிக் கொடுத்தீர்கள்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான? அப்ப போய்ட்டு வா."

அம்மாவின் நகை டிக்கெட்டானது. நான் கிளம்பினேன். அடுத்த தை அறுவடையின்போது நீங்கள் போய்விட்டீர்கள். தகவல் வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றார்கள். அதுவும் உண்மைதான்.

அப்பா, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அழுவதற்கு அல்ல. ஒரு விஷயம் சொல்வதற்கு. எல்லாருக்கும் ஒன்று இல்லை.

இன்று காலை இரண்டு நகல்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததால்தான் கண்ணில் பட்டது. ஒன்று இந்த ஊர்ப் பெண்ணுக்கு, இன்னொன்று நம் பூதலூர்ப் பையனுக்கு. மாதச் சம்பளம் இரண்டிலும் ஒன்றே. பையனுடையதில் மட்டும் அடியில் ஒரு வரி: வெளிநாட்டு மாணவர் கட்டணம், பருவந்தோறும், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும். என் கடிதத்தில் அந்த வரி இல்லை, ஆனால் சம்பளச் சீட்டில் வெறும் 'கட்டணம்' என்று போட்டு எனக்கும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பிடிக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அலுவலகத்து அம்மாளிடம் போய்க் கேட்டேன், ஃபேக்ஸில் அப்படிச் சொன்னீர்களே என்று. "நீங்கள் கேட்டது சம்பளத்தைத்தானே? சம்பளம் ஒன்றுதான். இது கட்டணம்" என்றார், நல்ல மாதிரியாகவே.

உங்களுக்கு இது உடனே புரியும். பண்ணையில் கூலி நெல்லை அளந்த கதை சொல்வீர்களே. பேசின கூலி பேசினதுதான், குறையவே குறையாது. அளக்கிற மரக்கால்தான் சின்னது.

எனக்கு எரிச்சல் அவர்கள்மேல் மட்டுமல்ல. நீங்கள் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். 'கைக்கு வருவது எவ்வளவு' என்று கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை கூட்டம் போட்ட ஆள், அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டீர்கள்.

மத்தியானம் பூதலூர்ப் பையனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, லெட்டர் ரெடியாண்ணே? எங்க கையெழுத்துப் போடணும்?"

"போடாத. மொதல்ல ஒண்ணு கேட்டு எழுதணும்."

"கேட்டா ஆஃபரக் கேன்சல் பண்ணிட மாட்டாங்களாண்ணே? வேற வழியே இல்லண்ணே எனக்கு."

அப்படியே என் குரல். அதே நடுக்கம்.

"நீ மட்டும் கேக்க வேணாம். இங்க இருக்கற வெளிநாட்டுப் பசங்க எல்லாரும் சாயங்காலம் கூடுறோம். உன் லெட்டரப் படிச்சிட்டு எல்லாருமாக் கேப்போம்."

"அதுவரைக்கும் லெட்டரு?"

"எங்கிட்ட இருக்கட்டும்."

போனை வைத்தபோது அவன் என்னை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருப்பான் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை விடாமல் தெரியும். இந்தக் கால்சட்டையில் மடி இல்லை அப்பா. நான்காக மடித்து இடுப்புப் பட்டைக்குள் செருகியிருக்கிறேன். உட்கார்ந்தால் குத்துகிறது.