தெருமுனை பூத்திலிருந்து அம்மா

1989 மார்ச் 7, செவ்வாய்

பம்பு மறுபடி மக்கர். தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. மாடுகள் வேலியோரம் நின்றுகொண்டு என்னவோ நான்தான் பிடித்து வைத்திருப்பதுபோல முறைக்கின்றன. கிளெம் வாஷர் வாங்க ஊருக்குள் போயிருந்த நேரத்தில் இங்கிலாந்திலிருந்து போன். ரோசலிண்ட் என்று ஒரு பெண்மணி. போன வருஷம் அவர் ரேடியோவில் பேசியதைக் கேட்டுவிட்டு, கிளெமுக்குத் தெரியாமல் அவன் பெயரை அனுப்பிவைத்தவள் நான்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு அங்கே அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளைக் கப்பல் கப்பலாக ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றி அனுப்பினார்களே, அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பதுதான் அவருக்கு வேலை. என் வீட்டுக்காரன் ஆறு வயதில் அப்படி வந்து இறங்கியவன்.

"கொஞ்சம் உக்காந்துக்கங்க க்வெண்டா. கிளெமோட அம்மா உயிரோட இருக்காங்க. பேரு ஐவி. இங்க இங்கிலாந்துலயே, கிரிம்ஸ்பியில இருக்காங்க."

நான் உட்காரவில்லை. வாளியும் கையுமாக அப்படியே நின்றேன்.

சாயங்காலம் கிளெமிடம் சொன்னேன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா குண்டு விழுந்து செத்துட்டா. இல்லத்துல சொன்னாங்க."

"பொய் சொல்லியிருக்காங்க கிளெம்."

"சரி."

கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். கறவையெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது.

மார்ச் 8

ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பம்பு மட்டும் ஓடுகிறது.

மார்ச் 12, ஞாயிறு

இன்றைக்கு வாயைத் திறந்தான். வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாத வேலை, அதனால்தான் பேசினான் என்று நினைக்கிறேன்.

"ஒருநாள் இல்லத்துக்குக் கோட்டு போட்ட ஆளு ஒருத்தன் வந்தான், க்வென். ஆஸ்திரேலியாவுல ஆரஞ்சு மரத்துலேருந்து பறிச்சுத் திங்கலாம், குதிரை மேல ஏறிப் பள்ளிக்கூடம் போகலாம்னான். யாரு யாரு வர்றீங்கன்னு கேட்டான். நான் கையத் தூக்கினேன்."

"அதுக்கு?"

"கூட்டிட்டுப் போயி சுத்திக்காட்டிட்டு சாயங்காலம் கொண்டாந்து விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடலாம்னு." கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தான். "பக்கத்துல இருந்த பையன் தூக்கல. அவன் போகல. நான் தூக்கினேன். ஏன்டா என்னை விட்டுட்டுப் போனேன்னு எங்கம்மா கேட்டா என்ன சொல்றது?"

இருபத்தாறு வருஷம் இவனோடு ஒரே படுக்கை. இது எனக்குத் தெரியாது. ஆறு வயசுப் பிள்ளை, ஆரஞ்சுக்கு ஆசைப்பட்டிருக்கு. அவ்வளவுதானே? அந்தக் கோட்டுக்காரன் மட்டும் என் கையில் கிடைத்தால் — வேண்டாம். என் கையில் அப்போது கம்பி வெட்டும் குறடு வேறு இருந்தது.

ஏப்ரல் 2, ஞாயிறு

அம்மாவைப் பார்க்கப் போகலாம் என்கிறான். காரணம் சொல்லவில்லை. டிக்கெட்டுக்காக இரண்டு கறவை மாடுகளை விற்றாயிற்று.

ரோசலிண்டிடம் பேசினேன். ஐவிக்குப் பார்க்க ஆசைதான், ஆனால் வீட்டுக்கு வரக்கூடாதாம். கல்யாணம் ஆகாமல் பெற்று, இல்லத்தில் விட்ட பிள்ளை. பிறகு கட்டிக்கொண்ட ஸ்டான் என்கிற மனிதருக்கு இன்றுவரை தெரியாதாம். தெரிந்தால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார் என்று அந்த அம்மாவுக்குப் பயம். இந்த வயதிலா? யாராவது அனுப்புவார்களா?

கிளெம் உடனே "சரி" என்றுவிட்டான். எதற்கெடுத்தாலும் ஒரு சரி. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மே 23, செவ்வாய். கிரிம்ஸ்பி

மழை. மீன் வாடை. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை.

எனக்கு ஒரு மாமியார் இருக்கிறார். குட்டையாக, நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் அப்படியே கிளெமின் காது. வேறு அடையாளமே தேவையில்லை.

கட்டிப்பிடிக்கவில்லை. கைகொடுத்தார்கள். பிறகு கொடுத்த கையை விடாமலே உட்கார்ந்தார்கள். இவன் டீயை இடது கையால் குடித்தான், பாதி சட்டையில்.

என் பக்கம் திரும்பிக் கேட்டார் ஐவி: "நல்லாச் சாப்புடுவானா?"

"ஆட்டுக்கறி வச்சா எலும்பைக்கூட விடமாட்டாரு," என்றேன். சிரித்தார். அடுத்த நொடி அழுதார்.

இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையைத் தூக்கிய கதையைச் சொன்னான். மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்து, அடி விழப்போகிறதென்று காத்திருப்பவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அட என் கண்ணு," என்றார் ஐவி. "நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உன்னப் பாக்க வந்துட்டிருந்தேன்டா. ஒரு ஞாயிறு வந்தா கட்டில் காலி. ஒரு டாக்டர் வீட்டுல தத்து எடுத்துட்டாங்க, நல்லா இருப்பான், நீ போயி தொந்தரவு பண்ணாதன்னாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. உன்னக் கேட்டதே பெருசுடா."

கிளெம் மூச்சு விட்டான். பக்கத்து மேசைவரை கேட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தானா? பை நிறைய காய்கறியோடு ஒரு பெண் உள்ளே வந்து, "என்ன ஐவி, இந்த மழையில இங்க உக்காந்திருக்க? யாரு இவங்க?" என்றாள். அடுத்த வீட்டுக்காரியாம்.

ஐவி வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.

கிளெம் எழுந்து நின்றான். அழகாகச் சிரித்தான். "ஆஸ்திரேலியாவுலேருந்து சுத்திப்பாக்க வந்திருக்கோம்மா. துறைமுகத்துக்கு எந்த பஸ்ஸுன்னு இவங்ககிட்ட கேட்டுட்டிருந்தேன்."

அவளும் உட்கார்ந்துகொண்டு, கால்மணி நேரம் விளக்கமாக வழி சொன்னாள்.

மே 24

பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "உனக்கு வெக்கமா இல்லையா? பெத்த தாயை வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு வழி கேட்டேங்கிற?"

"இல்லத்துக்கு யாராவது பாக்க வந்தா வரிசையா நிக்க வச்சு, என்ன சொல்லணும்னு முன்னாடியே சொல்லிக்கொடுத்துடுவாங்க க்வென். சந்தோஷமா இருக்கோம், வயிறு நிறையச் சாப்புடுறோம்னு. நாந்தான் எல்லாரையும்விட நல்லாச் சொல்லுவேன். எப்பவும் என்னைத்தான் முன்வரிசையில நிறுத்துவாங்க."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வாராவாரம் போன் வருகிறது. அங்கே காலை, ஐவி சர்ச்சுக்குப் போகிற வழியில் தெருமுனை பூத்தில் நுழைந்துகொள்கிறார். ஸ்டானுக்கு சர்ச் பழக்கம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இங்கே சாயங்காலம். கிளெம் கறவையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, தலைசீவிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். போனுக்கு எதற்கடா தலைசீவுகிறாய்? கேட்டால் முறைக்கிறான்.

பேசுவதெல்லாம் மழை, கால்வலி, மாடு. ஆனாலும் "அம்மா" என்று இவன் சொல்லும்போது நான் அடுக்களையில் ஏதாவது பாத்திரத்தை உருட்டவேண்டியிருக்கிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

போன் வரவில்லை. பூத் ரிப்பேராக இருக்கும்.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்றைக்கும் இல்லை. கிளெம் சாப்பிடவில்லை.

யாரைக் கேட்பது? வீட்டுக்குப் போன் செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். ரோசலிண்டும் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் இவனுக்குச் சொல்ல அந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. ஏனென்றால் இப்படி ஒருவன் இருப்பதே அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. இதை மே மாதமே யோசித்திருக்கவேண்டாமா? யாரும் யோசிக்கவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

மணி அடித்தது. செவ்வாய்க்கிழமை. எடுத்தது நான். வயதான ஆண் குரல்.

"கிளெம் வீடுங்களா? நான் கிரிம்ஸ்பியிலேருந்து ஸ்டான் பேசறேன்."

உடனே கிளெமைக் கூப்பிட்டேன். போனில் ஆளுக்கொரு பக்கம் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம்.

"தம்பி, நேத்து உங்கம்மா போயிட்டாப்பா. பக்கவாதம். ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தா. கடைசியிலதான் உன்னப் பத்திச் சொன்னா. வாய் கோணிப்போச்சு, பேச்சு சரியா வரல, ஆனா உன் நம்பரு மட்டும் மனப்பாடம். ஒவ்வொரு எண்ணாச் சொன்னா, நான் எழுதிக்கிட்டேன்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஏன்டி என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். நீங்க அனுப்பிடுவீங்கன்னு பயந்தேங்கிறா. நானா தம்பி? நானா அனுப்புவேன்? அன்னிக்கே சொல்லியிருந்தா நானே போயித் தேடிக் கூட்டிட்டு வந்திருப்பேன். என் தோள் மேல வளந்திருப்ப." அழுகிறார். "நீ வந்தப்புறந்தான் அடக்கம். பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். வருவியா?"

"சரிங்க," என்றான் கிளெம். இந்தச் சரிக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

போனை வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துகொண்டான். இத்தனை வருஷத்தில் இவன் அழுது நான் பார்த்ததில்லை. ஐயோ, ஒரு வார்த்தை. அந்த அம்மா அந்த மனுஷன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா —

நவம்பர் 2, வியாழன். கிரிம்ஸ்பி

அடக்கம் முடிந்தது. நல்ல கூட்டம். ஐவிக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று இருந்தது.

பிரார்த்தனை முடிந்ததும் வீட்டு ஆட்கள் சர்ச் வாசலில் நிற்க, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கிளெம் ஓரமாக ஒதுங்கப் பார்த்தான். ஸ்டான் அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். கையை விடவேயில்லை. தளர்ந்த மனிதர், பிடி மட்டும் கெட்டி.

வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "ஐவியோட பையன். ஆஸ்திரேலியாவுலேருந்து வந்திருக்கான்." சிலர் விழித்தார்கள். சிலர் ஒன்றும் கேட்காமல் இவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். கிளெம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

பாதி வரிசையிலேயே ஸ்டானுக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. எதிரே ஒரு கிழவி கையை நீட்டியபடி, இது யார் என்று காத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நான் கிளெம்," என்றான் இவன். "ஐவியோட மகன்."

அதற்குப்பின் வந்த எல்லோருக்கும் அவனே சொன்னான்.